நாற்காலிக்குக் கூலி

அண்ணி விட்டுப் போனது ஒரு புதன்கிழமை மதியம். பெட்டி கட்டவில்லை, செருப்பு மாட்டவில்லை, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து மூன்று வரி எழுதி அனுப்பினாள். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினாள். ஏழு வருடமாக எழுதிக்கொண்டிருந்த இடத்தில் அவள் இல்லாமல் போனாள். வழியனுப்ப யாரும் வரவில்லை. உள்ளே வாஷிங் மெஷின் மட்டும் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

அதே மதியம்தான் நான் வீடு திரும்பினேன். மூன்று வருடம் நாடு நாடாகச் சுற்றி, விடுதிகளில் பாத்திரம் கழுவி, தோட்டங்களில் பழம் பறித்து, கையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு முதுகுப்பையோடு வந்து மணியடித்தேன். கதவைத் திறந்த அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத. உங்க அண்ணி வேலைய விட்டுட்டா."

"எந்த வேலை? பல் ஆஸ்பத்திரியா?"

"அது காசு வர்ற வேலை, அதை யாரு விடுவா? இது மத்தது."

எங்கள் வீட்டில் அதற்கு 'மற்றது' என்றுதான் பெயர். காசு வராத வேலைக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அண்ணி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். காலையில் ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை. டாக்டர் நல்ல மனிதர், ஆனால் நோயாளி சாய்ந்துகொள்ளும் நாற்காலிக்குக் கொட்டிக் கொடுப்பாரே தவிர, மேஜைக்குப் பின்னால் இருப்பவளுக்கு என்றால் கை உள்ளேயே நிற்கும். அதனால் விலையில்லாத ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து போட்டார். யாருக்கு எந்த நேரம், யாருக்கு எந்தப் பல், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர் யார் என்பதையெல்லாம் அதில் பதிந்து வைக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், திருத்தலாம். பல நாடுகளில் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து செய்தது.

செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிவைக்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. அவர்கள் தளத்தில் 'வழிகாட்டி' என்று ஒரு பக்கம் இருந்தது. திறந்தால் 'விரைவில்' என்று ஒரே ஒரு சொல். அந்த 'விரைவில்' அங்கே பல வருடமாக வாடகையில்லாமல் குடியிருந்தது.

அண்ணி தட்டுத்தடுமாறி, திட்டு வாங்கி, தானாகவே கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டதைத் தனக்கு அடுத்து வரப்போகிறவளுக்காக ஒரு பக்கம் எழுதினாள். அதைத் தளத்துக்கு அனுப்பினாள். அவர்கள் 'விரைவில்' இருந்த இடத்தில் அதைப் போட்டார்கள். நன்றி என்றார்கள். அடுத்த பக்கம் எப்போது என்றார்கள். இப்படித்தான் பிடித்தது அவளை.

அவளிடம் ஒரு முறை உண்டு. ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னால் உட்கார வைப்பாள். அம்மா அதுவரை ரிமோட்டைத் தவிர எதையும் அழுத்தியவள் இல்லை. அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொள்வாள், தன்னையறியாமல் சுட்டிக்காட்டிவிடக் கூடாது என்று. வாயும் திறக்க மாட்டாள். அம்மா அந்தப் பக்கத்தைப் படித்து, படித்தபடி செய்து, ஒரு கேள்வியும் கேட்காமல் முடித்தால் பக்கம் வெளியே போகலாம். ஒரே ஒரு 'இது என்ன?' வந்துவிட்டாலும் பக்கம் திரும்ப அடுப்புக்குப் போகும்.

"இங்க 'சேமி'ன்னு போட்டிருக்கே, எதைச் சேமிக்கிறது?" என்பாள் அம்மா.

அண்ணி கூரையைப் பார்ப்பாள்.

"கேக்குறேன்ல? ஊமை வேஷமா?"

"அத்தை, நான் இங்க இல்ல. நான் வேற நாட்டுல இருக்கேன்."

"வேற நாட்டுல இருக்கறவ என் முழங்கைய எதுக்கு இடிக்கிற?"

அம்மா தப்புச் செய்வதில் மேதை. 'இங்கே அழுத்தவும்' என்று எழுதியிருந்தால் அந்த எழுத்தின் மேலேயே அழுத்துவாள். பெயர் கேட்டால் தன் பெயரைப் போடுவாள். "நோயாளி பேரு அத்தை, நோயாளி பேரு!" என்று அண்ணி கத்தும்போது அந்தப் பக்கம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாள். உலகத்தில் எங்கோ ஒரு வரவேற்பு மேஜையில் முதல் நாள் வேலைக்கு வந்து உட்கார்ந்திருப்பவள் எங்கே தடுமாறுவாள் என்பதை எங்கள் அம்மாவின் ஆள்காட்டி விரல்தான் முதலில் கண்டுபிடித்தது.

இது எவ்வளவு தூரம் போயிருந்தது என்று எனக்கே தெரியாது. ஊர் சுற்றியபோது ஒரு முறை கடைவாய்ப்பல் வீங்கி, மொழி தெரியாத ஓர் ஊரில் ஒரு சின்னப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்து ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதிலிருந்த மாதிரிப் படத்தில், மாதிரி நோயாளியின் தொலைபேசி எண் எங்கள் வீட்டுப் பழைய லேண்ட்லைன் எண். எப்போதோ துண்டிக்கப்பட்ட எண், எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். வீங்கிய கன்னத்தோடு சிரித்தேன். அந்த மேஜைப் பெண் எனக்குப் பல்லோடு சேர்த்து வேறேதோ கோளாறு என்று நினைத்திருப்பாள்.

யாரோ அந்தப் பக்கத்தை அவர்கள் மொழியில் மாற்றி, அச்செடுத்து, சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். எழுதியவளுக்கு அதனால் ஒரு தேநீர்கூடக் கிடைத்ததில்லை.

அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். அவன்தான் இதை முதலில் சரியாகச் சொன்னான். "லிஃப்ட் நின்னா எனக்கு போன் வரும், பின்னாடியே காசும் வரும். உனக்கு போன் மட்டும் வருது. பாதியிலேயே நின்னு போன லிஃப்ட் நீ."

"இறக்கி விடுங்க, பாப்போம்," என்பாள் அண்ணி.

இறங்க ஒரு வழி வந்தது. ஓர் அறக்கட்டளை அந்தத் திட்டத்துக்குப் பணம் தர முன்வந்தது, அதுவும் வழிகாட்டி எழுதுகிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே. அண்ணி கணக்கெல்லாம் போட்டுவிட்டாள். சாயங்கால வேளையை விட்டுவிடலாம். அந்த நேரத்தில் மீதிப் பக்கங்களை எழுதி முடிக்கலாம். எழுதப்படாமல் கிடந்தவை எவை, எது முதலில் வர வேண்டும், எந்தப் பக்கத்தில் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை, வேலை என்று சொல்லிச் செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

திட்டத்தின் பொறுப்பாளர் எல்லோரையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டார். நான் அப்போது இங்கே இல்லை. அண்ணி சொல்லியும், அம்மா இரண்டு குரலில் நடித்துக் காட்டியும் அந்த அழைப்பு எனக்கு நேரில் பார்த்ததுபோல ஆகிவிட்டது.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "நான் எழுதறேன். எனக்குக் கொடுங்க."

பொறுப்பாளர் தொண்டையைச் செருமினார். "நீங்க நம்ம ஆளு. உங்களுக்குப் போய்க் காசா? அது உங்களை அவமானப்படுத்துற மாதிரி இருக்காதா?"

"அவமானப்படுத்திப் பாருங்க சார், நான் தாங்கிக்கிறேன்."

"அப்படியில்லம்மா. அன்புல செய்யற வேலைக்குக் காசு வந்துட்டா அன்பு போயிடும். நிறையத் திட்டம் அப்படித்தான் கெட்டுப்போச்சு."

"உங்க கம்பெனி உங்களுக்குச் சம்பளம் கொடுத்துத்தானே இதுல புரோகிராம் எழுத விடுது? உங்க அன்பு இன்னும் இருக்கா, போயிடுச்சா?"

"அது வேற."

அது வேற! எத்தனை ஊர் சுற்றினாலும் இந்த இரண்டு சொல் போல என் வயிற்றை எரிப்பது எதுவும் இல்லை. என்ன வேறு? புரோகிராம் எழுதினால் வேலை, அதைப் புரிய வைத்தால் சேவையா? நான் விடுதிகளில் பாத்திரம் கழுவினேன். பாத்திரத்தின் மேல் எனக்கிருந்த அன்பு கெட்டுவிடும் என்று பயந்து எந்த விடுதிக்காரனும் என் கூலியை நிறுத்தி வைக்கவில்லை. மற்றவர்களின் அன்பைப் பத்திரமாகப் பாதுகாக்க இவ்வளவு பாடுபடுகிறவர்கள் எல்லோரும், கவனித்துப் பாருங்கள், மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

முடிவு இப்படி வந்தது. வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். பணம் அவர்களுக்கு. அண்ணி, அனுபவசாலி என்பதால், அவர்கள் எழுதுவதைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். அது மட்டும் வழக்கம்போல அன்பில்.

தலையில் மிளகாய் அரைப்பது என்று சொல்வார்களே, இங்கே அம்மிக்கல்லையும் அவளையே தூக்கி வரச் சொன்னார்கள்.

அண்ணன் அப்போதே விட்டுவிடச் சொன்னான். அண்ணி விடவில்லை. முதல் தவணையில் வேலை நன்றாக நடந்தால் அடுத்த தவணையில் தன்னையும் சேர்க்கலாம் என்று பொறுப்பாளர் வாயை மெல்லத் திறந்திருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

எடுத்த ஆட்களில் ஒருத்திதான் அதிகம் எழுதினாள். அம்மா அவளுக்குச் 'சம்பளக்காரி' என்று பெயர் வைத்தாள். நன்றாகவே எழுதினாள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவளுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, இந்தத் தேதிக்குள் இத்தனை பக்கம் என்று கெடு. ஆஸ்பத்திரிகளில் ஓடுகிற மென்பொருள்கூட அவளிடம் இல்லை. அடுத்து வெளிவரப்போகிற புதிய வடிவத்தின் சோதனைப் பிரதியைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எழுதினாள்.

முதல் சில பக்கங்களுக்கு அண்ணி அம்மாவை உட்கார வைத்தாள். அம்மா விழுந்த இடங்களையெல்லாம் குறித்து அனுப்பினாள். சம்பளக்காரி தனியாக ஒரு செய்தி போட்டாள். "அக்கா, இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?"

அண்ணி சூட்டோடு பதில் எழுதினாள். எங்கள் வீட்டு நாற்காலி, அம்மா, தொடைக்கடியில் கை, எல்லாவற்றையும். கடைசியில், "நீங்களும் யாரையாவது உட்கார வச்சுப் பாருங்களேன்" என்று ஒரு குத்து.

"எனக்கு அதுக்கு நேரம் கொடுக்கல அக்கா. பக்கத்துக்குத்தான் காசு, நாற்காலிக்கு இல்ல" என்று பதில் வந்தது.

அதைப் படித்ததும் அண்ணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பக்கத்துக்குக் காசு அவளுக்கு, ஓசி நாற்காலி எனக்கா?" என்று லேப்டாப்பை மூடினாள்.

"அவ மேல ஏன்மா பாயற?" என்றாள் அம்மா. "அவளும் கூலிக்காரிதானே?"

"நீங்க சும்மா இருங்க அத்தை. இனிமே நீங்களும் உட்கார வேண்டாம், நானும் கைய மடிக்க வேண்டாம்."

அதற்கு அடுத்து வந்தது 'பழைய முன்பதிவுகளை ஒதுக்கி வைப்பது' என்ற பக்கம். அண்ணி கண்ணால் ஓட்டினாள். வாக்கியங்கள் சரியாக இருந்தன. யாரையும் உட்கார வைக்காமல் 'சரிபார்க்கப்பட்டது' என்று அழுத்திவிட்டாள். ஏழு வருடத்தில் அதுதான் முதல் முறை. எல்லோரையும் போல வேலை செய்தாள். தப்பு அங்கே நடந்தது.

சோதனைப் பிரதியில் அந்தப் பொத்தானை அழுத்தினால், எந்தத் தேதிக்கு முந்தியவற்றை ஒதுக்க வேண்டும் என்று கேட்கும். ஆஸ்பத்திரிகளில் ஓடும் வடிவத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. அழுத்தினால் பழையது, புதியது, நாளைக்கு வரவேண்டியது எல்லாம் ஒட்டுமொத்தமாகத் திரையைவிட்டுப் போய்விடும். எங்கள் லேப்டாப்பில் இருந்ததும் அதே வடிவம்தான். அம்மா உட்கார்ந்திருந்தால் அழுத்திய உடனே, "ஐயோ, எல்லாம் காணோமே!" என்று நெஞ்சில் கை வைத்திருப்பாள்.

அந்தக் கூச்சல் அம்மாவிடமிருந்து வராமல் அண்ணியின் ஆஸ்பத்திரியிலிருந்தே வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி, வழிகாட்டியைப் பார்த்து அப்படியே செய்தாள். திரை வெறுமையாகிவிட்டது. அடுத்த நாள் காலையில் கன்னம் வீங்கியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், யார் முதலில், யாருக்கு என்ன, ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் அண்ணியைப் பார்த்து, "நீங்க எழுதினதுதானேம்மா இது?" என்றார். அவள் எழுதவில்லை. ஆனால் பக்கத்தின் அடியில் இருந்த பெயர் அவளுடையது. எழுதியவர் பெயரை அவர்கள் போடுவதில்லை. சரிபார்த்தவர் பெயரைப் போடுவார்கள்.

ஒதுக்கியதைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது, அண்ணியே கொண்டுவந்தாள். ஆனால் அதற்குள் வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் புகார் வந்துவிட்டது. பொறுப்பாளர் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார். 'தன்னார்வலர்களின் கவனக்குறைவு வருத்தம் அளிக்கிறது. இனிச் சரிபார்ப்பவர்கள் கூடுதல் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டுகிறோம்.'

அதைப் படித்தது புதன்கிழமை காலை. மதியம் அண்ணி எழுதிய மூன்று வரி இது.

'பார்க்காமல் சரி என்றது என் தப்பு. பார்ப்பதை வேலை என்று நினைக்காதது உங்கள் தப்பு. என் தப்பை நான் சரி செய்துவிட்டேன்.'

நான் முதுகுப்பையை இறக்காமலே அதைத் திரையில் படித்தேன். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"வா ஊர்சுத்தி. எப்ப திரும்பக் கிளம்பற?"

"இப்பதான் வந்திருக்கேன் அண்ணி!"

"அதான் கேட்டேன். போறதுன்னா எப்படிப் போகணும்னு என்கிட்ட கத்துக்கிட்டுப் போ. ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

அவளைத் தேற்றுவதற்காக, மொழி தெரியாத ஊரில் சுவரில் பார்த்த தாளைப் பற்றிச் சொன்னேன். லேண்ட்லைன் எண்ணைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. "அந்த ஆஸ்பத்திரியில எது வரைக்கும் ஒட்டியிருந்தாங்க? முதல் பக்கம் மட்டுமா, ரெண்டாவதுமா? ரெண்டாவதுல ஒரு இடம் இன்னும் சரியா வரல." விட்டுப் போனவள் கேட்கிற கேள்வியா இது?

அதன் பிறகு வீடு வேறு மாதிரி ஆயிற்று. அண்ணி இரண்டு வேளையும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மா உட்கார்ந்த நாற்காலியில் மடிக்காத துணிகள் குவிந்தன. எங்கெங்கோ இருந்த வரவேற்பு மேஜைக்காரிகள் பழக்கத்தில் அவளுக்கே சந்தேகம் கேட்டு எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 'பொறுப்பாளரைக் கேளுங்கள்.' சம்பளக்காரியும் ஒரு செய்தி போட்டாள், மன்னிப்புக் கேட்டு. அதற்கு மட்டும் அண்ணி எந்தப் பதிலும் போடவில்லை.

அம்மாவுக்குத்தான் கை அரித்தது. ஒரு நாள் துணிகளை ஒதுக்கிவிட்டு, தானாகவே லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தாள். "ஏதாவது கொடும்மா, தப்பாப் பண்றேன்."

"போங்க அத்தை. ஓசியில தப்புப் பண்ண வேண்டாம்."

நான் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்தேன், விட்டேன், வேறொன்றில் சேர்ந்தேன். என் கால் ஓரிடத்தில் நிற்காது என்பது வீட்டுக்கே தெரியும். நிற்கக்கூடியவளை நிற்க விடாமல் செய்தார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. வழிகாட்டியை அவ்வப்போது திறந்து பார்ப்பேன். எழுதப்படாத தலைப்புகள் அப்படியே இருந்தன. ஒரு நாள் பார்த்தால் அவற்றுக்கு எதிரே பழைய குடித்தனக்காரர் திரும்பி வந்திருந்தார். 'விரைவில்.'

இரண்டு மழைக்காலம் போனது. நான் மறுபடி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணி ஒன்றும் சொல்லாமல் போனை என் முன்னால் நீட்டினாள். அண்ணனும் அம்மாவும் தோள் வழியாக எட்டிப் பார்க்க, நான் சத்தமாகப் படித்தேன். சம்பளக்காரி எழுதியிருந்தாள்.

"வணக்கம் அக்கா. என்னை ஞாபகம் இருக்கும், நல்லவிதமா இருக்காது. அறக்கட்டளை அடுத்த தவணை கொடுத்திருக்கு. என்னைத் திரும்ப எழுதச் சொன்னாங்க. ஆளை உட்கார வச்சுப் பாக்காம ஒரு பக்கமும் தர மாட்டேன், அந்த நேரத்துக்கும் காசு வேணும், அதைச் சொல்லிக் கொடுத்தவங்களையும் காசு கொடுத்துக் கூப்பிடணும்னு சொன்னேன். தன்னார்வலரா இருந்தவங்களுக்குக் கொடுக்கற வழக்கம் இல்லைன்னாங்க. அப்ப நானும் இல்லைன்னேன். என்கூட எழுதின ரெண்டு பேரும் இல்லைன்னுட்டாங்க. பல மாசமா ஒரு பக்கமும் போகல, பணம் அப்படியே கிடக்கு, அறக்கட்டளை கேள்வி கேக்குது. நேத்து பொறுப்பாளர் எழுதியிருக்கார், 'சரி, அவங்க எவ்வளவு எதிர்பாக்கறாங்க?'ன்னு. உங்க வேலைக்கு நான் விலை சொல்லக் கூடாது. நீங்களே சொல்லுங்க. கூச்சப்பட்டுக் குறைச்சுடாதீங்க, நாங்க மூணு பேரும் அதையேதான் கேக்கப் போறோம். இன்னொண்ணு அக்கா. அந்த நாற்காலியில உட்கார்ற அம்மாவுக்கு எவ்வளவுன்னு தனியா எழுதுங்க."